மூன்றாவது முகாமில் தண்ணீர்

அவன் போன வழியே திரும்பி வருவதில்லை. பதினான்கு மாதமாக இப்படித்தான். காலையில் நீரேற்று நிலையத்துக்குக் கடைவீதி வழியாகப் போனால், மாலையில் பள்ளிக்கூடத்தைச் சுற்றி, மூன்று தெரு கூடுதலாக நடந்து வீடு சேருவான். முனைக் கடைக்கு ரொட்டி வாங்கப் போனால்கூடத் திரும்புவது பின்சந்து வழியாக. கேட்டால் பதில் சொல்ல மாட்டான். நாளாக நாளாகக் கேட்பவர்களும் விட்டுவிட்டார்கள்.

காரணம் தெரிந்தவர் ஒருவர்தான். அவன் மனைவியின் அண்ணன். ஐந்து மாதம் இருவரும் மாற்றி மாற்றி ஒரே பஸ்ஸில், ஒரே சாலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள். கடைசி நாள் அந்தச் சாலையில் அவன் தனியாகத் திரும்பினான். மடியில் ஒரு துணிப்பை. பையில் அவள் செருப்பு. அன்றோடு திரும்பும் வழி என்ற ஒன்று அவனுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது.

அண்ணனுக்குக் கூரியர் அலுவலகத்தில் எடை போடும் வேலை. ஊரே அவரைத் தராசு என்றுதான் கூப்பிடும். ஒரு பொட்டலத்தைக் கையில் வாங்கியதுமே கிராம் கணக்கில் சொல்வார். இயந்திரம் வேறு எண்ணைக் காட்டினால் இயந்திரத்தைத்தான் தட்டிப் பார்ப்பார். அவனைவிட ஆறு வயது மூத்தவர். வாய் ஓயாது.

ஒரு ஞாயிறு மதியம் தராசு வந்து அவன் சமையலறை மேசையில் ஒரு துண்டுத்தாளை வைத்தார்.

"மாப்ளே, நாலு நாள் லீவு போடு."

"எதுக்கு?"

"எதுக்கா? மலை ஏறத்தான். மூட்டையக் கட்டிக்கிட்டு நாம பாட்டுக்கு நடக்கறோம், கூடாரம் போட்டுத் தூங்கறோம். என் ஆபீஸ்ல ஒருத்தன் போய்ட்டு வந்து ஒரு மாசமா அதே பேச்சு. வேலையே செய்யமாட்டேங்கறான்."

"உங்க முட்டி?"

"முட்டி என்னோடது. அதப் பத்தி நான் கவலப்பட்டுக்கறேன்."

தாளில் எட்டுப் பாதைகள் இருந்தன. ஏழு பாதைகள் மேலே போய் அதே தடத்தில் இறங்குபவை. எட்டாவது மட்டும் வளையம். கிளம்பிய இடத்துக்கே வேறு பக்கமாக வந்து சேரும். ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், நான்கு நாள், மூன்று முகாம். அவன் விரல் எட்டாவதில் போய் நின்றது.

தராசு அதைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "ஆனா ஒண்ணு மாப்ளே. பஸ்ஸு போன ரோட்லதான் திரும்பி வரும். அங்க வேற ரோடே கிடையாது. அதுக்கு என்ன பண்ணுவ?"

"கண்ண மூடிக்கறேன்."

"சரி. இவ்வளவாவது சொன்னியே."

அவன் வேலை வால்வு திறப்பது. ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போவான். மூடியைத் தூக்கி, குழிக்குள் சாவியை இறக்கி, சுற்றுகளை எண்ணித் திறப்பான். பழைய அச்சகத் தெருவுக்குக் காலை ஐந்தரை, பதினேழு சுற்று. தையல்காரர் தெருவுக்கு ஏழு மணி, பதினொரு சுற்று. நாற்பத்து மூன்று வால்வுகளுக்கும் மணியும் சுற்றும் தலைகீழாகத் தெரியும். ஊருக்கெல்லாம் தண்ணீர் திறக்கிறவன் வீட்டில் வாளி காலியாகக் கிடக்கிறது என்று அவன் மனைவி சிரிப்பாள். வாரத்தில் ஒரு நாள் புகார் மேசையிலும் உட்காருவான். தண்ணீரே வரவில்லை என்று யார் குதித்துக்கொண்டு வந்தாலும், பேனாவைத் திறந்து முதலில் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை மணிக்குப் பாத்தீங்க?" புகார்ப் பதிவேட்டில் முதல் கட்டமே அதற்குத்தான்.

மலை வரைபடத்தை வரவழைத்து மேசையில் விரித்தான். அவனுக்கு வரைபடம் புதிதல்ல. அலுவலகச் சுவர் முழுக்கக் குழாய் வரைபடம்தான். நீலக் கோடு என்றால் குழாய், கோட்டின் குறுக்கே சின்ன வட்டம் என்றால் வால்வு. இதிலும் நீலக் கோடுகள் இருந்தன. உச்சியில் மயிரிழையாகத் தொடங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து, தடித்து இறங்கின. நூறு இருக்கும், இருநூறு இருக்கும். ஒன்றில்கூட வட்டம் இல்லை.

"இதெல்லாம் யாரு மச்சான் திறந்து விடறது?" என்றான்.

தராசு நிமிர்ந்து பார்த்தார். அவன் வாயிலிருந்து தானாக ஒரு கேள்வி வந்து வெகு நாளாகியிருந்தது. "உன் டிபார்ட்மெண்ட் ஆளுங்க இல்லைன்னு மட்டும் நிச்சயம். அதான் ஒழுங்கா ஓடுது."

பழுப்பு நிறத்தில் உயரக் கோடுகள். நெருங்கிய இடத்தில் செங்குத்து, விலகிய இடத்தில் சமதளம். இரண்டு மணி நேரம் அவன் அதன்மேல் குனிந்திருந்தான். தட்டையான தாளிலிருந்து ஒரு மலை மெல்ல எழும்பி நெற்றியைத் தொட்டுவிடும்போல் இருந்தது. இவ்வளவு பெரிய ஒன்று இத்தனை காலம் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது. அவன் தையல்காரர் தெரு வால்வைத் திறந்துகொண்டிருந்த காலைகளிலும், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த மதியங்களிலும் நின்றிருக்கிறது. அவனுக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது.

முதல் முகாமுக்கு ஏரி. இரண்டாவதற்குப் பெரிய ஓடை. மூன்றாவது முகாமை ஒட்டியும் ஒரு நீலக் கோடு இருந்தது. ஆனால் விட்டுவிட்டு வரைந்த கோடு. அதைத் தாண்டினால் கடைசி நாள் பதினேழு கிலோமீட்டர் வெறும் முகடு. அடிவாரம் வரை நீலமே இல்லை.

அவன் பென்சிலால் அந்த விட்டுவிட்ட கோட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

*

அனுமதி அலுவலகம் ஒரே அறை. இரும்பு அலமாரி, சுவரில் தீயணைப்பு வாளி, வாளிக்குள் குடைகள். அதிகாரியம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிவத்தைப் பார்த்தார்.

"மூணாவது முகாமுக்கு நீராதாரம் எழுதலியே."

"கோடு விட்டுவிட்டு இருக்கு மேடம். தண்ணி இருக்கா இல்லையான்னு உங்களத்தான் கேக்கணும்."

"என்னையா? நான் மாத்தலாகி வந்து எட்டு மாசம். என் வேலையெல்லாம் இந்த நாற்காலியிலதான். மேல போறவங்களுக்குக் கையெழுத்துப் போடுவேன். திரும்பி வந்தா இன்னொரு கையெழுத்து." ஒரு தடித்த பதிவேட்டைத் தள்ளினார். "போய்ட்டு வந்தவங்க எழுதியிருக்காங்க. நீங்களே பாத்துக்குங்க."

தேதி, பெயர், ஆட்கள், முகாம், நீர் நிலவரம் என்று ஐந்து கட்டம். மூன்றாவது முகாம் வரிகளை அவன் விரலால் தேடினான்.

அருமையான ஓடை. முழங்கால் ஆழம். கடக்கப் பயந்தோம்.

சொட்டு இல்லை. வரைபடம் பொய்.

வெறும் கல். எச்சரிக்கை.

தண்ணீர் உண்டு, சில்லென்று.

முதல் இரண்டுக்கும் இடையில் மூன்றே நாள்.

"இதுல யாரோ கஞ்சா அடிச்சிட்டுப் போயிருக்கான்," என்றார் தராசு.

"சார், இது அரசாங்க அலுவலகம்."

"மன்னிச்சுக்குங்க மேடம். முழங்கால் ஆழம்னு எழுதினவர் நல்லவர்னுதான் நான் சொல்ல வந்தேன்."

அதிகாரியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவத்தில் தட்டினார். "நீராதாரம் இல்லேன்னா சுமந்துட்டுப் போறோம்னு எழுதுங்க. எத்தனை லிட்டர்னும் எழுதுங்க. எழுதினத எடுத்துட்டுப் போங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

முப்பத்தொரு வரிகளை அவன் நோட்டில் எடுத்துக்கொண்டான். வீட்டில் அவற்றை மாதவாரியாகப் பிரித்தான். பொருந்தவில்லை. மழை பெய்த வாரம், பெய்யாத வாரம் என்று பிரித்தான். அதுவும் பொருந்தவில்லை. ஆள் எண்ணிக்கை வைத்துக்கூடப் பார்த்தான். ஈரமும் வறட்சியும் கலந்து கட்டிக் கிடந்தன. கடைசியில், இருக்கிறது என்று எழுதியவர்கள் இடம் மாறிப் போய் வேறு ஓடையைப் பார்த்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தான். இல்லை என்று நினைத்துக்கொள்வதுதான் பத்திரம். இல்லாததை நம்ப அவனுக்குப் பழகியிருந்தது.

"ஆளுக்கு ஏழு லிட்டர். ரெண்டாவது முகாம்ல நிரப்பிக்கறோம்."

"ஏழு லிட்டர்னா ஏழு கிலோ."

"ஆமா."

"மூட்டையே பன்னெண்டு கிலோ. மொத்தம் பத்தொம்போது. மாப்ளே, எங்க ஆபீஸ்ல பதினாறு கிலோவுக்கு மேல போனா ஒரு ஆள் தூக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. செவுத்துலயே படம் போட்டு ஒட்டியிருக்கு. முதுகு ஒடிஞ்ச பொம்மை."

"பொம்மை தண்ணி குடிக்காது மச்சான்."

தராசு முட்டியைத் தடவிக்கொண்டார்.

எத்தனை தடவை கேட்டாலும் அவன் சொன்னது ஒன்றுதான். தண்ணீர் போதாமல் பாதியில் வந்த வழியே இறங்க வேண்டி வந்தால் அவனால் முடியாது. மலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அப்படி ஒன்று மட்டும் நடக்கக்கூடாது. தராசு தலையாட்டினார். தலையாட்டும்போதே கொக்கித் தராசு ஒன்றைப் பையில் செருகிக்கொண்டார்.

*

முதல் நாள் மரங்கள். நான்கு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத மரங்கள். பேசிக்கொண்டே ஏறிய தராசு பதினோரு மணிக்குப் பேச்சை நிறுத்தினார். மூச்சு வாங்குகிறது என்று அவன் நினைத்தான். திரும்பிப் பார்த்தால் மனிதர் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்ன எடை இருக்கும் மச்சான்?"

"தெரியல மாப்ளே," என்றார். அவர் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் மரங்கள் குட்டையாகி, புதராகி, கடைசியில் புல்லாகின. மாலையில் பெரிய ஓடைக்கரையில் கூடாரம் போட்டார்கள். தண்ணீர் பாறையில் மோதும் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. இத்தனை தண்ணீர் யாரும் கேட்காமல், யாருக்கும் என்றில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு அவன் ஊர் முழுக்கத் திறந்துவிடுகிற அளவு இங்கே ஒரு மணி நேரத்தில் போய்விடும். மனசுக்குள் கணக்குப் போட்டான். பிறகு கணக்கை விட்டுவிட்டுச் சும்மா பார்த்தான்.

மூன்றாம் நாள் காலை பதினான்கு பாட்டில்களையும் அவனே நிரப்பினான். மூடிகளை இறுக்கி, ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்து, இரண்டு மூட்டைகளிலும் ஏழேழாக அடுக்கினான். பிறகு கூடாரத்தைப் பிரித்து மடிக்கப் போனான். மூட்டைகள் தராசின் பக்கத்தில் இருந்தன.

கணவாய்க்கு ஏறுவது நெஞ்சை அடைக்கும் ஏற்றம். பத்து அடிக்கு ஒரு முறை தராசு தன் முட்டியைப் பெயர் சொல்லித் திட்டினார். தோளில் என்ன இருக்கிறது என்று அவன் கவனிக்கவில்லை. பதினான்கு மாதமாகக் கனமும் லேசும் அவனுக்கு ஒன்றுதான்.

உச்சியில் காலை வைத்ததும் எதிரே இன்னொரு உலகம் திறந்துகொண்டது. மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் அதைவிடப் பெரிய மலை. கடைசி வரிசை மலையா மேகமா என்றே தெரியவில்லை. வலது கைப் பக்கம், பக்கத்து உச்சியின் மடியில் ஒரு பனித்திட்டு. ஒரு ஊரை அதில் பரப்பி வைத்துவிடலாம். வெயில் பட்டு அது கண்ணைக் கூச வைத்தது. சத்தமே இல்லை. காதே போய்விட்டதோ என்று அவன் விரலைச் சொடுக்கிப் பார்த்தான்.

தராசு தொப்பியைக் கழற்றினார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஒன்றரை மணிக்கு மூன்றாவது முகாமில் இருந்தார்கள். வழவழப்பான உருண்டைக் கற்கள் இருபது அடி அகலத்துக்கு வளைந்து வளைந்து இறங்கின. ஓடை ஓடிய தடம். குனிந்து ஒரு கல்லைத் தொட்டான். சுட்டது. இன்னொன்றைப் புரட்டினான். அடியில் மணல், மணலுக்கு அடியிலும் காய்ந்த மணல்.

"வெறும் கல்," என்றான். ஏமாற்றம் எதுவும் இல்லை. தெரிந்ததுதானே. "சரி, டீ போடலாம். எடுங்க பாட்டில."

தராசு மூட்டையைத் திறக்கவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவனே திறந்தான். முதல் பாட்டில் காலி. இரண்டாவது காலி. மூன்றாவதும் காலி. மூடிகள் ஒழுங்காக இறுக்கப்பட்டிருந்தன. தன் மூட்டையைக் கவிழ்த்தான். அதிலும் அடியில் இருந்த மூன்று காலி.

"மச்சான்."

"பதினாறு கிலோவுக்குள்ள வரணும்னு..." தராசு தன் முட்டியைப் பார்த்தே சொன்னார். "கொக்கியில மாட்டிப் பாத்தேன். பத்தொம்போது காட்டுச்சு. முழங்கால் ஆழம்னு ஒருத்தர் கை நோக எழுதியிருக்காரேன்னு... இங்க வந்தா நிரப்பிக்கலாம்னு ஆளுக்கு மூணு ஓடையில ஊத்திட்டேன். பாட்டில மட்டும் தூக்கிப் போடல மாப்ளே."

கணவாய் ஏறும்போது நான்கு லிட்டர் குடித்திருந்தார்கள். மிச்சம் நான்கு. இந்த மாலைக்கும் இரவுக்கும் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் மூன்று போய்விடும். நாளை பதினேழு கிலோமீட்டர் வெயிலில் இரண்டு பேருக்கு ஒரு லிட்டர். சின்னப் பிள்ளைக்கும் தெரியும், முடியாது. பெரிய ஓடைக்குத் திரும்பினால் ஒன்பது கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். அங்கே தண்ணீர் இருக்கிறது. அங்கிருந்து ஏரி. ஏரியிலிருந்து அடிவாரம்.

வந்த வழியே.

"திட்டிடு மாப்ளே. வாய் விட்டுத் திட்டிடு. என்ன ஏன்டா நாயேன்னு கேளு."

அவன் கேட்கவில்லை. காலி பாட்டில்களை ஒன்றன்பின் ஒன்றாக மூட்டைக்குள் வைத்தான். "காலையில கிளம்பணும். இறக்கத்துல உங்க முட்டி பத்திரம்."

திட்டியிருந்தால் தராசுக்குத் தேவலையாக இருந்திருக்கும். எழுந்து ஓடைத் தடத்தோடு மேலே போனார். கல்லைப் புரட்டினார், கையால் மணலைத் தோண்டினார். திரும்பி வந்து, "வந்த வழியே இறக்கமாட்டேன்னு நான் சத்தியம் பண்ண மாதிரிதானே," என்றார். அவனுக்குச் சொன்னாரா, போய்விட்ட தங்கைக்குச் சொன்னாரா என்று தெளிவாக இல்லை. பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

அவன் தடத்தின் நடுவில் ஒரு கல்லில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தான். எறும்புகள். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மேலே பனித்திட்டில் வெயில் இன்னும் இருந்தது.

முதலில் அவன் எறும்புகளைத்தான் கவனித்தான். எல்லாம் ஒரே பக்கமாக, கரையை நோக்கிப் போயின. ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை.

பிறகு சத்தம். வெகு தூரத்தில் யாரோ காகிதத்தைக் கசக்குவது போல. காற்று என்று நினைத்தான். காற்று இல்லை. சத்தம் நிற்கவில்லை, நெருங்கிக்கொண்டிருந்தது.

எழுந்து நின்றான். மேலே, வளைவில், கற்களின் நிறம் மாறிக்கொண்டு வந்தது. சாம்பல் நிறக் கல் ஒன்று கறுத்தது. அடுத்தது கறுத்தது. கறுப்பின் முன்னால் ஒரு விரற்கடை உயரத்துக்கு நுரையும் சருகும் தூசியும் உருண்டு வந்தன. அதற்குப் பின்னால் தண்ணீர்.

"மச்சான்," என்றான். "மச்சான்!"

தண்ணீர் அவசரப்படவில்லை. ஒரு பள்ளத்தில் இறங்கும், நிரம்பும், விளிம்பில் ஒரு கணம் தயங்கும், தாண்டும். இரண்டு கற்களுக்கு இடையில் விரலை நீட்டுவது போல ஒரு நாக்கு நீளும். மணல் அதைக் குடிக்கும். குடித்து முடிந்ததும் அடுத்த நாக்கு. ஆள் மெதுவாக நடக்கும் வேகம்தான். அது ஓரடி வர, அவன் ஓரடி பின்வாங்கினான். தராசும் ஓடி வந்து பக்கத்தில் நின்று பின்னாலேயே நடந்தார். வாசலுக்குப் போய் விருந்தாளியை எதிர்கொண்டு உள்ளே அழைத்து வருகிறவர்கள்போல, அந்த ஓடைக்கு முகம் காட்டியபடி, இரண்டு பேரும் பின்பக்கமாக நடந்து வந்தார்கள். ஒரு இடத்தில் தராசு தடுக்கி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் அவர் காலைத் தொட்டது. தொட்டுவிட்டு இரண்டாகப் பிரிந்து அவரைச் சுற்றிப் போனது.

"ஐயோ," என்றார் தராசு. "ஐயோ, ஐயோ. ஜில்லுனு இருக்கு மாப்ளே."

அவன் கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பியது. வால்வைத் திறந்ததும் மணி பார்க்கிற பழக்கம்.

"நாலு நாப்பத்திரெண்டு," என்றான்.

சொன்னதும் அப்படியே நின்றான். நிமிர்ந்து பனித்திட்டைப் பார்த்தான். காலையிலிருந்து அதன்மேல் வெயில். காலையிலிருந்து அது உருகிக்கொண்டிருக்கிறது. உருகியது கல்லுக்கடியிலும் மணலுக்கடியிலும் தேங்கித் தேங்கி, வழி முழுக்க நனைத்துக்கொண்டு, இங்கே வந்து சேர இத்தனை நேரம். இருட்டியதும் மேலே உறையும். விடிவதற்குள் இங்கே நின்றுவிடும். கடைமடைத் தெருவுக்குக் கடைசியில்தானே வரும்.

அவன் பையிலிருந்து நோட்டை இழுத்தான். முப்பத்தொரு வரி. சொட்டு இல்லை, தண்ணீர் உண்டு, வெறும் கல், முழங்கால் ஆழம். ஒருவரும் பொய் சொல்லவில்லை. கணவாய் வழியாக வந்தவர்கள் மதியம் வந்திருப்பார்கள், வெறும் கல்லைப் பார்த்துச் சபித்துவிட்டு முகட்டுக்கு ஓடியிருப்பார்கள். முகட்டுப் பக்கமிருந்து வந்தவர்கள் மாலையில் வந்திருப்பார்கள். மேகம் மூடிய நாட்களில் இரண்டு பேருக்கும் இருந்திருக்காது.

"என்ன மாப்ளே, என்ன பாக்கற?"

"நான் கேக்கவே இல்ல மச்சான்." அவனுக்குச் சிரிப்பு வந்தது. இருமலாகி, மறுபடி சிரிப்பாக வந்தது. "பன்னெண்டு வருஷமா வரவன் போறவன் எல்லாரையும் கேக்கறேன். எத்தனை மணிக்குப் பாத்தீங்கன்னு. இங்க அத மட்டும் கேக்கல. மாசத்தக் கேட்டேன், மழையக் கேட்டேன். மணியக் கேக்கல."

"மலைக்கு எதுக்கு மணி?"

"அதேதான். நானும் அப்படித்தான் நினைச்சேன்."

குனிந்து இரண்டு கையாலும் அள்ளினான். பல்லில் பட்டதும் தலை வரை கூசியது. கை விரல்கள் மரத்து, பிறகு எரிந்தன. அந்த எரிச்சலை அவன் விரலை விரித்து மூடிப் பார்த்தான். இன்னொரு முறை அள்ளினான். ஒரு உச்சியின் மடியில் கிடந்த பனி, யாரும் சாவி போடாமல், யாரும் புகார் எழுதாமல், ஒவ்வொரு நாளும் தன் நேரத்துக்கு இறங்கி வந்து இந்தக் கற்களை எழுப்பிவிட்டுப் போகிறது. அவர்கள் வராவிட்டாலும் இன்றைக்கு வந்திருக்கும். ஆனால் அவர்கள் வந்திருந்தார்கள். அவன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். ஆறு மணிக்கு ஓடை முழங்காலைத் தொட்டது.

"எழுதின மகராசன் நல்லா இருக்கணும்," என்றார் தராசு, தண்ணீருக்குள் நின்றபடி. "பாத்தியா, சொன்னேன்ல, நல்ல மனுஷன்னு?"

"நீங்க தண்ணிய ஊத்தினது தப்புதான்."

"தப்புதான். ஆனா ஊத்தாம இருந்தா நீ டீ குடிச்சிட்டு வெயில் தாழறதுக்குள்ள முகட்டுக்கு ஏறிடலாம்னு கிளப்பியிருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா?"

உண்மைதான். அப்படித்தான் செய்திருப்பான்.

காலை ஆறு மணிக்குக் கூடாரத்தைத் திறந்தபோது ஓடை இல்லை. கற்கள் மட்டும் ஈரமாக மினுங்கின. எறும்புகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. பதினான்கு பாட்டிலும் நிறைந்திருந்தன. தராசு கொக்கியை எடுத்தார், தன் மூட்டையை மாட்டினார், எண்ணைப் பார்த்தார். கொக்கியைப் பைக்குள் போட்டுவிட்டு மூட்டையைத் தோளில் ஏற்றினார். அவனும் ஏற்றினான். கனத்தது. வார் தோள்பட்டையில் அழுந்தியது. அன்று முழுக்க அந்தக் கனம் அவனோடு வந்தது.

*

மறுநாள் காலை அலுவலகத்தில் அதிகாரியம்மா பதிவேட்டை நீட்டினார். "முழுசா சுத்தி வந்துட்டீங்களா?"

"சுத்தி வந்துட்டோம் மேடம்."

அவன் மேசையிலிருந்த அளவுகோலை எடுத்தான். நீர் நிலவரம் என்ற கட்டத்துக்கு முன்னால், பக்கத்தின் மேலிருந்து கீழ் வரை, ஒரு கோடு போட்டான். தலைப்பில் 'மணி' என்று எழுதி, கீழே தங்கள் வரியையும் எழுதினான்.

"சார், சார்! என்ன பண்றீங்க? அது அரசாங்கப் பதிவேடு."

"தெரியும் மேடம். நானும் அரசாங்கம்தான். குடிநீர்ப் பிரிவு."

கண்ணாடியை இறக்கி அவர் படித்தார். மாலை 4.42, ஓடை வருகிறது. காலை 6, இல்லை. வெயில் நாள். மதியம் வருபவர்கள் காத்திருக்கவும். இரண்டு முறை படித்தார். "வருகிறதுன்னு எழுதியிருக்கீங்க. அது எப்படி வரும்?"

அவனும் தராசும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தராசு கைகளை முன்னால் நீட்டி, இரண்டு அடி பின்னால் நடந்து காட்டினார். குடை வாளியில் இடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்களே ஒரு தடவ போய்ப் பாருங்க மேடம்," என்றான் அவன்.

அடுத்த பக்கத்திலும் கோட்டை நீட்டிவிடும்படி அவர்தான் சொன்னார்.

பஸ்ஸில் தராசு ஜன்னல் இருக்கையை அவனுக்கு விட்டார். போன சாலைதான், அதே வளைவுகள், அதே பெட்ரோல் பங்க். முதல் நிறுத்தத்துக்குள் தராசு வாயைப் பிளந்து தூங்கிப்போனார். அவர் தலை அவன் தோளில், வார் அழுந்திய இடத்தில், சரிந்தது. வலித்தது. நகர்த்தவில்லை.

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.